வால்நட் நிறம் வேறு, வால்நட் மரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையின் வீட்டு அலங்காரப் பக்கத்தில் வால்நட் மரச் சாமான்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நான் கோலாலம்பூர் செகாம்புட்டில் ஒரு தச்சுப் பட்டறையில் 17 வயதில் கூட்டிப் பெருக்கும் பையனாகச் சேர்ந்து, 41 வருடம் உளி பிடித்து ஓய்வு பெற்றவன். இப்போது செந்தூலில் இருக்கிறேன். நம் பத்திரிகையில் மரத்தைப் பற்றி ஒரு பக்கம் வருவதே அபூர்வம் என்பதால் இரண்டு தடவை படித்தேன். படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையில் இரண்டு விஷயங்கள் தவறாக வந்துவிட்டன. வால்நட் வருடம் ஆக ஆகக் கறுத்துக்கொண்டே போகும் என்று இருந்தது. கறுக்காது, வெளுக்கும். நம் வெயிலுக்கும் மழைக்கும் அது அசையவே அசையாது என்று இருந்தது. அசையும். ஆனால் என் மனதை உறுத்தியது, அதில் எழுதாமல் விட்ட மூன்றாவது விஷயம். கடையில் ‘வால்நட்’ என்று சீட்டு ஒட்டியிருப்பதெல்லாம் வால்நட் இல்லை. அதை ஒரு வரியில்கூட யாரும் சொல்லவில்லை. நம் சனங்கள் பணத்தை விடுவது அங்கேதான். என் வீட்டிலேயே நடந்தது.

என் தங்கச்சி மகள் போன வருடம் ஸ்தாப்பாக்கில் அடுக்குமாடி வீடு வாங்கினாள். பால் காய்ச்சும் நாளில் எல்லாரும் போயிருந்தோம். ஹாலில் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, சுற்றிலும் நாற்காலிகள். எல்லாம் சேர்த்து 6,800 மலேசிய வெள்ளி. “மாமா, அசல் வால்நட். முழு மரம். அமெரிக்காவிலிருந்து வந்ததுன்னு கடையில சொன்னாங்க” என்று முகமெல்லாம் பூரித்துச் சொன்னாள். நான் மேசை மேல் கையை வைத்தேன். ரேகையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நல்ல நாளில் பிள்ளையின் முகத்தை வாடவைக்க வேண்டாம் என்று “நல்லா இருக்கும்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

விருந்தாளிகள் எல்லாரும் போன பிறகு அவளே வந்தாள். “மாமா, நீங்க ஒண்ணும் சொல்லலியே” என்றாள். இனி மறைத்தால் அது பாவம். கைபேசி விளக்கைப் பிடிக்கச் சொல்லி மேசைக்கு அடியில் படுத்தேன். காலும் சட்டமும் சேரும் மூலையில், பார்வைக்குப் படாத இடத்தில், பேனாக்கத்தியால் நகக்கண் அளவு சுரண்டினேன். மேலே கோப்பி நிறம். அதற்குக் கீழே வெளேரென்று மரம். ரப்பர் மரத்துக்கு வால்நட் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

அசல் மரம் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். கறுப்பு வால்நட் வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வளருகிற மரம். தாவரவியலில் ஜூக்லன்ஸ் நைக்ரா என்று பெயர். குளிர்காலத்தில் இலையைக் கொட்டி உறங்கி எழுகிற சாதி, நம் பக்கத்து மண்ணுக்கு வராது. நாம் கேக்கில் போடும் வால்நட் பருப்பு பெரும்பாலும் இதன் பங்காளி மரத்தினுடையது. அதைத்தான் தமிழ்நாட்டில் அக்ரூட் என்பார்கள். கறுப்பு வால்நட் கொட்டையின் ஓடு அதைவிட மகா கெட்டி. அந்த ஓட்டைப் பொடியாக்கி, உலோகச் சாமான்களை ஊதித் தேய்த்துச் சுத்தப்படுத்த உபயோகிக்கிறார்கள்.

நான் முதன்முதலில் அந்தப் பலகையைத் தொட்டது 1993-ல். கோலாலம்பூரில் எங்கே பார்த்தாலும் அலுவலகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வரவேற்பு மேடை, கூட்ட அறை மேசை, முதலாளி அறைக்குச் சுவர்ப் பலகை என்று எங்கள் பட்டறைக்கு இரவு பகலாக வேலை. அதுவரை நான் இழைத்ததெல்லாம் செங்கால், மெர்பாவ், கெம்பாஸ், ஞாத்தோ போன்ற நம் நாட்டு மரங்கள். செங்கால் பலகை காய்ந்த பிறகும் கன மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் நிற்கும். ஒரு கதவுச் சட்டம் இழைத்து முடித்தால் அன்று இரவு தோள்பட்டை தூங்க விடாது. வால்நட் சுமார் 610 கிலோதான். எங்கள் பட்டறை முதலாளியான தவுக்கே ஒரு துண்டை என்னிடம் கொடுத்து இழைக்கச் சொன்னார். இழைப்புளி வாயிலிருந்து சீவல் நீளமாக, முறியாமல், சுருண்டு சுருண்டு வந்தது. கத்தி மரத்தோடு சண்டை போடவில்லை. எதிர் ரேகையில் தள்ளினாலும், கணுப் பக்கத்தைத் தவிர, பிய்த்துக்கொண்டு வரவில்லை. உளியால் ஒரு பொளி வெட்டினேன், ஓரம் வெண்ணெய் வெட்டியதுபோல நின்றது. நான் தச்சனானதற்குச் சந்தோஷப்பட்ட நாட்களில் அது ஒன்று.

மரத்தைக் குறுக்கே அறுத்தால் வெளியே வெள்ளைக் கட்டை, உள்ளே வைரம் என்கிற நடுக்கட்டை. வைரம் நல்ல கெட்டியான கோப்பி ஓ, அதாவது பால் சேர்க்காத கோப்பியின் நிறம். அப்போதுதான் இழைத்த பலகையில் ஊதாச் சாயல்கூடத் தெரியும், சில பலகையில் சாம்பல் கோடு ஓடும். வெள்ளையையெல்லாம் வெட்டி எறிந்தால் சேதாரம் அதிகம் என்பதால், அமெரிக்க மரமில்களில் பலகையை நீராவியில் வைத்து, வெள்ளைக் கட்டையையும் கறுக்கச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் நிறம் ஒரே சீராகிறது, ஆனால் அந்த ஊதாச் சாயல் மங்கிப்போகிறது. நீராவி காட்டாமல் காற்றிலேயே உலர்ந்த வால்நட் பலகை எங்கள் பட்டறைக்கு ஒரே ஒரு தடவை வந்தது. மற்றதோடு சேர்த்து வைத்தபோது, மாங்காய்க்கும் மாம்பழத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது.

துப்பாக்கிக் கட்டை செய்ய அமெரிக்கர்கள் இந்த மரத்தைத்தான் தேடினார்கள். இரண்டாம் உலகப்போரில் அவர்கள் சிப்பாய்கள் தூக்கிய எம்1 கேரண்ட் துப்பாக்கியின் கட்டை வால்நட். முதல் உலகப்போரில் விமானத்தின் மர விசிறிக்கும் போயிருக்கிறது. அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், பாரமாக இருக்கக் கூடாது, செதுக்கினால் நுணுக்கமாக வர வேண்டும், சரியாக உலர்த்திவிட்டால் கோணக் கூடாது. இத்தனையும் ஒரே மரத்தில் கிடைப்பது அபூர்வம். கிளை பிரியும் இடத்தில் அறுத்த பலகையில் தீச்சுடர்போல ரேகை வரும். அந்த மாதிரித் துண்டுகளைப் பெரும்பாலும் முழுப் பலகையாக விற்க மாட்டார்கள், காகிதம்போலச் சீவி வெனியராக்கிவிடுவார்கள்.

இந்த மரத்துக்குக் குறும்புகளும் உண்டு. பட்டைக்கு அருகிலும் வேரிலும் ஊறும் ஜுக்லோன் என்ற சரக்கால், மரத்தடியில் தக்காளி போன்ற செடிகள் வாடிப்போகும். எங்கள் பட்டறைக்கு ஒரு குதிரை லாயத்துக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை லோரியில் வந்து மரத்தூள் வாங்கிப் போவார், குதிரைக்குப் படுக்கை போட. வால்நட் வேலை தொடங்கிய அன்றைக்கே தவுக்கே சிவப்பு மையால் ஒரு சாக்கில் எழுதி, வால்நட் தூளை அதில் தனியாகக் கொட்டச் சொல்லிவிட்டார். அந்தத் தூளில் நின்றால் குதிரைக்குக் கால் வீங்கி, குளம்புக்குள் அழற்சி வந்துவிடும். அமெரிக்காவில் குதிரை வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியாம். தச்சர்களிலும் சிலருக்கு அந்தத் தூள் கண்ணையும் தோலையும் எரிக்கும்.

இரும்பும் இதற்கு ஆகாது. மரத்தில் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரமும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகக் கறை பிடித்துவிடும். நான் ஒருமுறை வெள்ளைப் பசை தடவி, இரும்புக் குழாய் கிளாம்பை நேராகப் பலகை மேல் இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் ஏழு இடத்தில் கறுப்புப் பட்டை. ஆக்ஸாலிக் அமிலம் கரைத்துத் தேய்த்துத்தான் எடுக்க முடிந்தது. அதற்குப் பிறகு கிளாம்புக்கும் பலகைக்கும் நடுவில் மெழுகுத்தாள் வைக்காமல் நான் வால்நட்டைத் தொட்டதில்லை.

இப்போது கட்டுரையில் வந்த முதல் தவறுக்கு வருகிறேன். பெரும்பாலான மரங்கள் வெளிச்சம் படப்படக் கறுக்கும். மெர்பாவ் அப்படித்தான். வால்நட் அதற்கு நேர் எதிர். 1996-ல் ஒரு அலுவலக வேலையில் மிஞ்சிய துண்டுகளைத் தவுக்கேயிடம் கேட்டு வாங்கி, என் மனைவிக்கு ஒரு நகைப்பெட்டி செய்து கொடுத்தேன். பெட்டி இன்றைக்கும் அலமாரி மேல் ஜன்னலோரம் இருக்கிறது. வெளிப்பக்கம் பால் தேநீரான தே தாரிக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது. மூடியைத் திறந்தால் உள்ளே இன்னும் அதே கோப்பி ஓ. அதே அலுவலகத்துக்கு பத்து வருடம் கழித்துப் பழுது பார்க்கப் போனேன். கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில், மாலை வெயில் விழும் இடத்தில் வரவேற்பு மேடை தேன் நிறமாகியிருந்தது. தொலைபேசியை நகர்த்தினால் அதன் அடியில் மட்டும் அச்சடித்ததுபோலக் கறுப்புச் சதுரம். ஆகவே அசல் வால்நட் வாங்குகிறவர்கள் வெயில் விழும் ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள். பூச்சாடியை ஒரே இடத்தில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள்.

இரண்டாவது தவறு இன்னும் ஆபத்தானது. எல்லா மரமும் ஈரத்தை இழுக்கும், விடும். வால்நட் நல்ல குணமுள்ள மரம்தான், ஆனால் மரத்தின் விதியிலிருந்து அதற்கு விலக்கு இல்லை. அகலவாக்கில் அறுத்த வால்நட் பலகை, மரத்துக்குள் இருக்கும் ஈரம் நூற்றுக்கு 1 மாறினால், ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் சுமார் 2.7 மில்லிமீட்டர் கூடும் அல்லது குறையும். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது, அகலத்தில்தான் ஆட்டம். அமெரிக்காவில் சூளையில் 6 முதல் 8 சதவீதம் வரை உலர்த்தி அனுப்புவார்கள். நம் ஊரில் திறந்தவெளிப் பட்டறையில் கொஞ்ச நாள் கிடந்தால் அது 14, 15 வரை ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு அந்த மரத்தில் மேசை செய்து, நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் அறையில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்?

1995-ல் என் கையாலேயே அது நடந்தது. கூட்ட அறைக்கு 1.2 மீட்டர் அகலத்தில் வால்நட் மேசை. பலகைகளை ஒட்டி, மேல்பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் ஸ்குரூ போட்டு அசையாமல் இறுக்கினேன். உறுதியாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு. மூன்று மாதத்தில் தவுக்கேக்குத் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தோம். மேசையின் நடுவில், ஒரு முனையிலிருந்து முழ நீளத்துக்கு வெடிப்பு. 50 காசை அதற்குள் நுழைக்க முடிந்தது. பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது, நான் போட்ட ஸ்குரூக்கள் விடவில்லை, அது வெடித்துவிட்டது. குற்றம் மரத்துடையது அல்ல, என்னுடையது.

தவுக்கே திட்டவில்லை. ஒரு பழைய சஞ்சிகையை எடுத்து வந்து காட்டினார். ஜார்ஜ் நகாஷிமா என்று ஒருவர், ஜப்பானிய வம்சத்தில் பிறந்த அமெரிக்கர், 1990-ல் இறந்துபோனார். வால்நட் மரத்தை முழு அகலத்துக்கு அறுத்து, ஓரத்தைச் சீவாமல், வெடிப்பையும் மறைக்காமல், அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஒரு துண்டைப் பதித்து மேசை செய்தவர். படத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வெடிப்பை ஒளிக்காமல் இப்படியும் அழகாக்க முடியுமா? நாங்களும் ஸ்குரூவையெல்லாம் கழற்றி, வெடிப்பின் குறுக்கே இரண்டு இடத்தில் அதே மாதிரி துண்டு பதித்தோம். மேல்பலகையைச் சட்டத்தோடு பிடிக்க, நீள்துளை போட்ட கட்டைகளைச் செய்து, மரம் இழுத்தால் நகரவும் விட்டால் திரும்பவும் இடம் கொடுத்தோம். அந்த மேசை பிறகு வெடிக்கவே இல்லை. அன்றிலிருந்து ஏர்கோன் அறைக்குப் போகிற வேலை என்றால், பலகையை அதே மாதிரி அறையில் சில வாரம் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவோம். முழு வால்நட் மேசை வாங்குகிறவர்கள் குனிந்து அடியில் பாருங்கள். ஸ்குரூ போட்ட துளை நீளமாக இருக்கிறதா, அல்லது மேல்பலகை நகர ஏதாவது வழி விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

பெயர்க் குழப்பத்துக்கு வருகிறேன். வால்நட் என்ற பெயருக்கு மரியாதை இருப்பதால் பழுப்பு நிறத்தில் இருக்கிற மரத்துக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஆப்பிரிக்க வால்நட் என்று ஒரு மரம் விற்கிறது, அது இந்தக் குடும்பமே இல்லை. நம் வாகை மரத்துக்கு வியாபாரத்தில் கிழக்கிந்திய வால்நட் என்று பெயர். கோலாலம்பூர் வீதிகளில் குடைபோல விரிந்து நிற்கிற தூங்குமூஞ்சி மரம் இருக்கிறதே, மாலை ஐந்து மணிக்கு இலை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் புக்கோல் லீமா என்பார்கள், அதன் பெரிய பலகைகளைச் சுவார் என்று விற்கிறார்கள். சில இடத்தில் அதையே தென்னமெரிக்க வால்நட் என்று சீட்டு எழுதிவிடுகிறார்கள். தூங்குமூஞ்சிப் பலகை அதன் சொந்தப் பெயரிலேயே அழகான மரம். ஒரே பலகையில் மேசை போடும் அளவுக்கு அகலம் வேறு எந்த மரத்தில் கிடைக்கும்?

கடையில் நிற்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது என்று பலர் என்னைக் கேட்கிறார்கள். தூக்கிப் பார்த்தால் தெரியாது. ரப்பர் மரமும் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 600 கிலோதான், வால்நட்டுக்கு அருகில் வந்துவிடும். நகத்தால் அழுத்தினாலும் தெரியாது. எஃகுக் குண்டை மரத்தில் அழுத்தி உறுதியை அளக்கிற ஜான்கா சோதனையில் வால்நட் 1,010 பவுண்டு, ரப்பர் மரம் 960 பவுண்டு. கை அந்த வித்தியாசத்தை உணராது. கண்ணைத்தான் நம்ப வேண்டும். மேல்பலகையின் ரேகை ஓரத்தில் வந்து மடிந்து, முனையில் வளையங்களாகத் தொடர்கிறதா என்று பாருங்கள். மேலே ஒரு ரேகை, ஓரத்தில் சம்பந்தமில்லாமல் வேறு ரேகை என்றால் அது வெனியர். ஒரே கணு, ஒரே சுழி இரண்டு இடத்தில் வந்தால் அது அச்சடித்த தாள், உள்ளே மரத்தூள் பலகை. முனைக்கட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வால்நட்டில் ஒவ்வொரு வருட வளையத்தின் தொடக்கத்தில் துவாரங்கள் பெரிதாகத் தொடங்கி, போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும். குளிர்காலம் பார்த்த மரத்தின் அடையாளம் அது. நம் நாட்டு மரத்தில் துவாரம் ஏறக்குறைய ஒரே மாதிரி பரவிக் கிடக்கும். அப்புறம் இழுப்பறையைக் கழற்றி அடியில், பின்னால், பாலிஷ் படாத இடத்தில் பாருங்கள். முழு வால்நட் என்றால் அங்கேயும் பழுப்பாகவே இருக்கும். வெளுத்திருந்தால் கேளுங்கள். வெனியர் வாங்குவதில் தப்பே இல்லை. நல்ல பிளைவுட்டில் ஒட்டிய அசல் வால்நட் வெனியர் நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தம், வெடிக்காது, விலையும் குறைவு. ஆனால் வெனியர் என்று சொல்லித்தான் விற்க வேண்டும்.

அன்று ஸ்தாப்பாக் வீட்டில் நடந்ததை நான் இன்னும் முடிக்கவில்லை. என் அம்மாவும் அங்கே இருந்தார். வயது 86. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் ஒரு தோட்டத்தில் 29 வருடம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். விடிகாலை 4 மணிக்கு எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கொசுக்கடியில் மரம் மரமாக நடந்து எங்களை வளர்த்தவர். மேசைக்கு அடியிலிருந்து நான் எழுந்ததும், “என்ன மரம்டா அது?” என்று கேட்டார். “பால் மரம்மா” என்றேன். நம்பவில்லை. “பால் மரத்துல மேசையா? அடுப்புக்குத்தானே போடுவோம்” என்றார். எழுந்து வந்து மேசை மேல் உள்ளங்கையை வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் தடவிக்கொண்டே நடந்தார். சுரண்டிய இடத்தைக் காட்டச் சொன்னார். குனிய முடியாததால் நாற்காலியைக் கவிழ்த்து, அதன் அடியில் ஒரு மூலையைச் சுரண்டிக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். “இவ்வளவு வெள்ளையா உள்ளே?” என்று மட்டும் கேட்டார். 29 வருடம் பட்டையை வெட்டியவர், உள்ளே இருக்கிற மரத்தை அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தார்.

அம்மா சொன்னது உண்மை. 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி எரித்துக்கொண்டிருந்தார்கள். வெட்டிய சில நாளிலேயே நீலப் பூஞ்சை பிடித்துவிடும், வண்டு துளைத்துவிடும். அதனால் யாரும் சீந்தவில்லை. பிறகு, அறுத்தவுடனே போரான் மருந்தை மரத்துக்குள் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்தது. 1980-களிலிருந்து அது மலேசியாவின் நாற்காலி மேசைத் தொழிலுக்கே முதுகெலும்பாகிவிட்டது. மூவாரில் போய்ப் பாருங்கள், ஊரே அதில் வாழ்கிறது. ஈரத்துக்கு ஆடுவதிலும் ரப்பர் மரம் வால்நட்டைவிட அடக்கமானது. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால் வால்நட் அகலத்தில் 7.8 சதவீதம் சுருங்கும், ரப்பர் மரம் 5.1 சதவீதம்தான். உலர்த்தும்போது கோணுகிற குணம் உண்டு. அதனால்தான் சிறு துண்டுகளாக வெட்டி, விரல் கோத்தமாதிரி பல் வெட்டி ஒட்டிப் பலகையாக்குகிறார்கள். வெளியில் மழையில் போட்டால் கெட்டுவிடும். வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை.

அந்த மேசை மோசமான மேசை இல்லை, ஆசிரியர் அவர்களே. மூட்டுகள் இறுக்கமாக இருந்தன, கால் நேராக நின்றது. ரப்பர் மரம் என்று சொல்லி 2,500 வெள்ளிக்கு விற்றிருந்தால் நானே கூடப் போய் வாங்கிக் கொடுத்திருப்பேன். நம் பாட்டன் பூட்டன் கையால் நட்டு, நம் அம்மாக்கள் கையால் வெட்டி வளர்த்த மரத்துக்கு அதன் பெயரைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்? அதன் மேல் வேறொரு நாட்டு மரத்தின் பெயரைப் பூசி, அதற்கு மேல் 4,000 வெள்ளியை ஏற்றி, அதே தோட்டத்துச் சனத்தின் பேத்தியிடமே விற்றதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தங்கச்சி மகள் கடைக்குப் போனாள். ‘வால்நட் என்றால் கலர்’ என்று பதில் வந்தது. ரசீதிலும் வெறும் ‘வால்நட்’ என்றுதான் போட்டிருந்தது. நல்லவேளை, வாங்குவதற்கு முன் விற்பனையாளர் ‘முழு வால்நட் மரம்’ என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அவள் அழிக்கவில்லை. பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்லி விற்பது 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்கத் தேவையில்லை. நடுவர் மன்றத்துக்குப் போகிறேன் என்று அவள் எழுதிய பிறகு, கடை 3,000 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தது. மேசையை அவள் திருப்பி அனுப்பவில்லை. பாட்டிக்குப் பிடித்துவிட்டதாம். நான் மறுபடி போனபோது தச்சுப் பென்சிலைக் கையில் கொடுத்து, மேசைக்கு அடியில் ‘ரப்பர் மரம்’ என்று எழுதச் சொன்னாள். எழுதினேன், தேதியும் போட்டேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முன் மரச்சாமான் விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வரும். விளம்பரம் கொடுக்கிறவர்களிடம் மரத்தின் பெயரைத் தனியாகவும் நிறத்தைத் தனியாகவும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ‘ரப்பர் மரம், வால்நட் நிறம்’, ‘பிளைவுட், வால்நட் வெனியர்’ என்று நாலு வார்த்தை போதும். சென்ற வாரக் கட்டுரையில் வந்த இரண்டு தவறுகளுக்கும் ஒரு சிறு திருத்தம் போட்டுவிடுங்கள். கடிதம் நீளமாகிவிட்டது. இடம் போதாவிட்டால் துப்பாக்கி, குதிரைக் கதைகளை எடுத்துவிடலாம். மேசைக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்ன பகுதியை மட்டும் தயவுசெய்து குறைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தச்சர்,
செந்தூல், கோலாலம்பூர்.